டிஜிட்டல் கைது மோசடி

காவல்துறை, சிபிஐ, அமலாக்கத் துறை, சுங்கத் துறை அதிகாரிகளைப்போல நடித்து, வீடியோ அழைப்பில் ஒருவரை மிரட்டி, வீட்டுக்குள்ளேயே முடக்கிவைத்துப் பணம் பறிக்கும் மோசடி ‘டிஜிட்டல் கைது’ எனப்படுகிறது. இப்படியொரு கைது இந்தியச் சட்டம் எதிலும் கிடையாது. நாடாளுமன்றத்தில் அரசு அளித்த பதிலின்படி, இதுவும் இதைச் சார்ந்த குற்றங்களும் 2022-இல் 39,925 பதிவாகின, பறிபோனது 91.14 கோடி ரூபாய். 2024-இல் எண்ணிக்கை 1,23,672, தொகை 1,935.51 கோடி. வழக்குகள் மூன்று மடங்கானபோது தொகை இருபது மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. சேமிப்பு உள்ளவர்களாகப் பார்த்துக் குறிவைக்கிறார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நடக்கும் விதம்

பெரும்பாலும் ஒரு பதிவுக் குரல்தான் முதலில் வரும். உங்கள் பெயரில் போன பார்சலில் போதைப்பொருள் இருந்தது என்றோ, இரண்டு மணி நேரத்தில் உங்கள் செல்பேசி எண் துண்டிக்கப்படும் என்றோ சொல்லும். பொத்தானை அழுத்தினால் ஓர் ஆள் பேசுவார். பதறிப்போய் மறுத்தால், ஆதார் எண்ணையும் வீட்டு முகவரியையும் அவரே படித்துக்காட்டுவார். பலரும் நம்பத் தொடங்குவது இந்த இடத்தில்தான். இத்தகைய விவரங்கள் கசிந்து மலிவாக விற்பனையாகின்றன என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வருவதில்லை.

அழைப்பு அடுத்து ‘மும்பை குற்றப்பிரிவு’க்கு மாறும். வாட்ஸ்அப்பில் காக்கிச் சீருடை தெரியும். சுவரில் சின்னம், பின்னணியில் ஒயர்லெஸ் இரைச்சல். அரசு முத்திரையுடன் கைது வாரண்ட் பிடிஎஃப் ஆக வந்து விழும். பிறகு வருகிறது முக்கியமான கட்டளை: இது தேசப் பாதுகாப்பு வழக்கு, மனைவி மக்களிடம்கூட வாய் திறக்கக் கூடாது. தூங்கும்போதும் கேமரா அணையக் கூடாது. ஃபிக்சட் டெபாசிட்டை முறித்து, ‘ரிசர்வ் வங்கியின் கண்காணிப்புக் கணக்குக்கு’ அனுப்பினால் சரிபார்த்துத் திருப்பித் தருவதாகச் சொல்வார்கள். ஏன் இவ்வளவு பணம் எடுக்கிறீர்கள் என்று வங்கியில் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லிக்கொடுப்பார்கள்.

ஏமாறுபவர்கள் படிக்காதவர்கள் என்று எண்ணுவது தவறு. வர்த்தமான் ஜவுளிக் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 2024 ஆகஸ்டில் 7 கோடி ரூபாய் இழந்தார். அவருக்காக உச்ச நீதிமன்ற ‘விசாரணை’யே காணொலியில் நடத்தப்பட்டது, தலைமை நீதிபதி என்று சொல்லிக்கொண்டவரின் முகம் தெரியவில்லை, பேச்சும் சுத்தியல் தட்டும் ஓசையும் மட்டும் கேட்டன. இந்திய நீதிமன்றங்களில் நீதிபதிகள் சுத்தியல் தட்டுவதில்லை. அது சினிமாவில் மட்டும் நடப்பது. கோர்ட்டு வாசலை மிதிக்காத மரியாதையான மனிதர்களுக்குத்தான் இது தெரிவதில்லை. மோசடிக்காரர்களின் முதலீடும் அந்த மரியாதைதான்.

சட்டம் சொல்வது

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நேரில் நிறுத்த வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு. விசாரணைக்கு ஆஜராகும்படி காவல்துறை தரும் நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குற்றமற்றவர் என்று காட்டப் பணத்தை ஒரு கணக்கில் போடச் சொல்லும் அதிகாரம் எந்தத் துறைக்கும் இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 1 அன்று இந்த மோசடிகளை நாடு முழுவதும் விசாரிக்கும் பொறுப்பை உச்ச நீதிமன்றம் சிபிஐக்கு அளித்தது. அதற்கு முன்பே ஜூலையில், மேற்கு வங்கத்தின் கல்யாணி நீதிமன்றம் இத்தகைய வழக்கில் ஒன்பது பேருக்கு ஆயுள் தண்டனை விதித்திருந்தது.

அழைப்பவர்களில் பலர் கம்போடியா, மியான்மர், லாவோஸ் நாடுகளில் வேலி போட்ட வளாகங்களில் இருக்கிறார்கள். அவர்களிலும் ஏமாந்து வந்தவர்கள் உண்டு. ஐடி வேலை என்று நம்பிப் போன தமிழ்நாட்டு இளைஞர்கள் மியான்மரின் மியாவடி பகுதியில் அடைபட்டு, மோசடி வேலை செய்ய வற்புறுத்தப்பட்டு, 2022-இல் மீட்கப்பட்டார்கள்.

தற்காப்பும் புகாரும்

அழைப்பைத் துண்டித்துவிட்டு, வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒருவரிடம் நடந்ததைச் சொன்னால் போதும். யாரிடமும் சொல்லாத வரைதான் இந்த மோசடி நிற்கும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் முதலில் கமிஷனுக்கு வாடகைக்கு விடப்பட்ட வங்கிக் கணக்குகளுக்குப் போகிறது. அங்கிருந்து சிறு தொகைகளாகப் பிரிந்து, கிரிப்டோவாக மாறி நாட்டைக் கடக்கிறது. அதற்குள் முடக்கினால்தான் மீட்க முடியும். ஓஸ்வால் விரைந்து புகார் செய்ததால் சுமார் 5.25 கோடி மீண்டது. வங்கியிடம் இழப்பீடு கேட்பது கடினம். அனுமதியின்றி நடந்த பரிவர்த்தனைகளுக்காக ரிசர்வ் வங்கி 2017-இல் வகுத்த பாதுகாப்பு, வாடிக்கையாளர் தாமே அனுப்பிய பணத்துக்குப் பொருந்துவதில்லை.

இழந்தவர்களைத் தேடி இரண்டாவது கும்பல் ஒன்றும் வரும். பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் மட்டும் முன்கூட்டியே கட்டுங்கள் என்பார்கள். 1930-இல் புகார் செய்யக் கட்டணம் எதுவும் கிடையாது.