நீரும் சொல்லும்

மாணவ நண்பர்களே, ஒரு சமயத்தை அறியவேண்டின் அதன் கோட்பாடுகளைப் படித்தல் மட்டும் போதாது. இடுக்கண் வந்துற்ற காலத்து அதன் மக்கள் எதனைக் கைவிடாது காத்தனர் என்பதையும் காணவேண்டும். பல்லாண்டு வரலாறு கற்பித்த எனக்கு, இவ்வுண்மையைத் தெளிவுற விளக்குவது ஜப்பான் நாட்டு நாகசாகி வட்டாரத்தின் வரலாறே.

கத்தோலிக்கத் திருச்சபையில் அருட்சாதனங்கள் ஏழு: ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை, பாவசங்கீர்த்தனம், நோயிற்பூசுதல், குருத்துவம், திருமணம். கண்ணுக்குப் புலனாகும் அடையாளத்தின் வாயிலாகப் புலனாகாத இறையருள் கிட்டுகிறது என்பதே இவற்றின் அடிப்படை. இவற்றுட் பெரும்பாலானவற்றை நிறைவேற்றக் குரு வேண்டும். குருவே இல்லாவிடின் என் செய்வது?

நம் முத்துக்குளித்துறையில் பரதவரிடையே பணிபுரிந்த பிரான்சிஸ் சவேரியார் 1549இல் ஜப்பான் சென்றார். சமயம் விரைந்து பரவிற்று. ஆயின், தோக்குகாவா ஆட்சி 1614இல் நாடெங்கும் கிறிஸ்தவத்தைத் தடைசெய்து குருமாரை வெளியேற்றியது. மறைந்து தங்கியவர்களையும் வேட்டையாடியது. 1644க்குப் பின் மக்களிடையே பணிபுரியக் குரு ஒருவரும் இலர். இயேசு, மரியாள் உருவங்களைக் காலால் மிதித்துக் காட்டுமாறு அதிகாரிகள் மக்களை வற்புறுத்தினர்.

அம்மக்களுக்கு நற்கருணை இல்லை; பாவமன்னிப்பு வழங்குவார் இல்லை. மனம் வருந்தும் செபத்தை ஓதி, அதனையே பற்றுக்கோடாகக் கொண்டனர். எனினும் ஒன்று எஞ்சிற்று. இன்றியமையாத வேளையில், நீர் வார்த்து உரிய சொற்களை மொழிந்து, எவரும் ஞானஸ்நானம் அளிக்கலாம் என்பது திருச்சபையின் நெறி. எனவே ஊர்தோறும் அப்பணிக்கென ஒருவரை ஏற்படுத்தினர். நாளடைவில் லத்தீன், போர்த்துக்கீசியச் சொற்கள் வாய்க்கு வாய் திரிந்தன, வழக்கமோ அறவில்லை.

1865 மார்ச் 17ஆம் நாள், அந்நியருக்கெனப் புதிதாகக் கட்டப்பட்ட ஓவுரா தேவாலயத்திற்கு உராகாமி என்னும் ஊரினர் சிலர் வந்தனர். தாங்களும் அதே விசுவாசத்தினர் என்று பெத்தித்ஜான் என்னும் பிரெஞ்சுக் குருவிடம் மெல்ல உரைத்தனர். இருநூறு ஆண்டு மௌனம் கலைந்தது. துன்பமோ தீரவில்லை, உராகாமி மக்களுள் 3,000க்கு மேற்பட்டோர் சொந்த ஊரினின்று அகற்றப்பட்டு, பல இடங்களில் சிறைப்பட்டனர், 600க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1873இல்தான் தடைப் பலகைகள் அகற்றப்பட்டன.

மறைந்து வாழ்ந்தோர் அனைவரும் திருச்சபைக்குத் திரும்பினாரல்லர். முன்னோர் தந்த வடிவமே தமக்குப் போதும் என்று தனித்து நின்றோரும் உண்டு. அவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. அவர்களும் தமக்குக் கையளிக்கப்பட்டதையே காத்தனர்.

சடங்கு வெறும் புறத்தோற்றம் என்று சிலர் எளிதிற் கூறுவர். ஏடும் கோயிலும் குருவும் பறிபோன காலத்து, ஒரு கை நீரும் சில சொற்களுமே ஒரு சமுதாயத்தைச் சிதறாது பிணித்தன. மாணவர்களே, பிற சமயத்தாரின் சடங்கைக் காணும்போது, அதனை இகழுமுன் இவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பீர்களாக.