அகழும் காற்றும்: இரு போர்கள் தரும் படிப்பினை



அகழ் என்றதும் நம் நினைவுக்கு வருவது ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் நடந்த அஹ்ஸாப் போர். ஏறத்தாழ 10,000 பேர் கொண்ட கூட்டுப்படை மதீனாவை நோக்கி வந்தபோது, ஸல்மான் ஃபார்ஸி (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி நகரின் திறந்த வடபுறத்தில் அகழ் தோண்டப்பட்டது. பசியைத் தாங்கி மண் சுமந்தவர்களில் நபி (ஸல்) அவர்களும் இருந்தார்கள். அரபுகளுக்குப் பழக்கமில்லாத அந்தத் தடுப்பின் முன் குதிரைப்படை திகைத்து நின்றது. முற்றுகை நாள்கணக்கில் நீடித்தும் இரு தரப்பிலும் மாண்டவர்கள் மிகச் சிலரே. இறுதியில் அல்லாஹ் அனுப்பிய கடுங்காற்று பகைவரின் கூடாரங்களைச் சாய்த்தது, படை கலைந்தது.

பாரசீகரின் போர்முறையை நபியவர்கள் தயக்கமின்றி ஏற்றார்கள். ஆகவே புதிய கருவியும் புதிய உத்தியும் தம்மளவில் வெறுக்கத்தக்கவை அல்ல. அவற்றைக் கையாள்வோர் எந்த வரம்பில் நிற்கிறார்கள் என்பதே கேள்வி.

1914ஆம் ஆண்டு இறுதிக்குள் ஐரோப்பாவின் மேற்குப் போர்முனையில் வடகடல் முதல் சுவிட்சர்லாந்து எல்லை வரை பதுங்கு குழிகள் நீண்டன. நிமிடத்திற்கு 500 குண்டுகளுக்கு மேல் பொழியும் இயந்திரத் துப்பாக்கியின் முன் திறந்தவெளியில் எவராலும் நிற்க முடியவில்லை. கால்நடைகளுக்கு வேலியாக உருவான முள்கம்பி மனிதர்களைத் தடுத்து நிறுத்தியது. 1916 ஜூலை 1 அன்று, சோம் நதிப் பகுதியில் ஒரே நாளில் 19,240 பிரித்தானியப் படையினர் மாண்டனர்.

குழிக்குள் இருப்பவனைக் குண்டு எட்டாதபோது, அவனை எட்டும் ஆயுதம் தேடப்பட்டது. 1915 ஏப்ரல் 22 மாலை, பெல்ஜியத்தின் ஈப்ர நகருக்கு அருகே ஜெர்மானியர் 5,000க்கும் மேற்பட்ட உருளைகளைத் திறந்து குளோரின் வாயுவைக் காற்றில் விட்டனர். காற்றைவிடக் கனமான அவ்வாயு பள்ளத்தையே நாடும். உயிர் காத்த குழியே மூச்சை அடைக்கும் இடமானது. அன்று அதன் முன்னால் இருந்தவர்களில் பிரெஞ்சுப் படையில் சேர்க்கப்பட்ட அல்ஜீரிய வீரர்களும் உண்டு. நான்கு நாள்களுக்குப் பின், அதே களத்தில் இந்தியப் படையின் ஜமேதார் மீர் தஸ்த் காயமுற்ற எட்டு அதிகாரிகளைக் கடும் குண்டுமழைக்கிடையே தூக்கிச் செல்ல உதவினார். விக்டோரியா சிலுவை பெற்றார். அவரும் நச்சுவாயுவால் பாதிக்கப்பட்டவரே.

நச்சுவாயுவைப் பரப்பும் எறிகுண்டுகளை 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் ஏற்கெனவே தடுத்திருந்தது. 'நாங்கள் எறிகுண்டு வீசவில்லை, உருளையைத்தான் திறந்தோம்' என்ற வாதம் எழுந்தது. சட்டத்தின் சொல்லைக் காத்து அதன் நோக்கத்தைக் கொல்லும் இத்தகைய தந்திரத்தை ஃபிக்ஹ் நூல்கள் 'ஹீலா' என்ற தலைப்பில் அலசுவதை நாம் அறிவோம். பிரித்தானியரும் வாளாவிருக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் லூஸ் போரில் அவர்கள் விட்ட வாயுவில் ஒரு பகுதி, காற்று ஒத்துழைக்காததால் அவர்கள் படையினர் மீதே திரும்பியது.

இது பிறர் கதை என்று நாம் ஒதுங்கிவிட முடியாது. போரில் நச்சுவாயுவைப் பயன்படுத்துவதைத் தடைசெய்த 1925ஆம் ஆண்டின் ஜெனீவா நெறிமுறையில் ஈராக்கும் இணைந்திருந்தது. எனினும் 1988 மார்ச் 16 அன்று ஹலப்ஜா நகரின் குர்து மக்கள்மீது ஈராக்கிய ஆட்சி இரசாயன ஆயுதங்களை வீசியது. பெண்களும் குழந்தைகளுமாக ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். கொன்றவர்களும் கலிமா சொன்னவர்கள். கொல்லப்பட்டவர்களும் கலிமா சொன்னவர்கள்.

போரிலும் பெண்களையும் குழந்தைகளையும் கொல்லக் கூடாது என்று தடுத்தவர்கள் நம் நபி (ஸல்) அவர்கள். நெருப்பால் தண்டிக்கும் உரிமை படைத்தவனுக்கு மட்டுமே உரியது என்றும் கற்பித்தார்கள். நச்சுக்காற்றோ, தான் யாரைத் தீண்டுகிறது என்பதை அறியாது. அதை ஏவுகிறவன் அறிவான். அவனிடமே மறுமையில் கேள்வி கேட்கப்படும். அகழ்ப்போரின் வெற்றியைப் பெருமையோடு பேசும் நாம், அதை வழிநடத்தியவர் விதித்த வரம்புகளையும் அதே உறுதியோடு பேச வேண்டும்; மீறுபவர் நம்மவராக இருக்கும்போது இன்னும் உறுதியாக.

வல்ல அல்லாஹ் அநீதி இழைப்பதிலிருந்தும் அநீதிக்கு வாய்மூடி நிற்பதிலிருந்தும் நம்மைக் காப்பானாக. ஆமீன்.