ரோப்லாக்ஸ் அவதார வடிவமைப்பு

ரோப்லாக்ஸ் அவதார வடிவமைப்பு என்பது, ரோப்லாக்ஸ் என்னும் இணைய விளையாட்டுத் தளத்தில் பயனரைக் குறிக்கும் உருவத்தையும், அவ்வுருவம் அணியும் உடை, முடி, தொப்பி முதலியவற்றையும் பயனர்களே ஆக்கிக்கொள்ளும் முறையாகும். இத்தளத்தை டேவிட் பசூக்கி, எரிக் காசெல் ஆகிய இருவரும் 2004 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் நிறுவினர். 2006 ஆம் ஆண்டு இது பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. இங்குள்ள விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை பயனர்களால் உருவாக்கப்பட்டவை. ஒரு விளையாட்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது பயனரின் அவதாரமும் பெரும்பாலும் மாறாமல் உடன் செல்கிறது. எனவே அதன் தோற்றம் ஓர் ஆட்டத்துக்கான வேடமாக இல்லாமல், தளம் முழுவதற்குமான அடையாளமாகவே கருதப்படுகிறது.

பெயர்

அவதாரம் என்னும் வடசொல் இறங்கி வருதல் என்னும் பொருளுடையது. திருமால் உலகில் எடுத்த பிறவிகளைக் குறிக்கத் தமிழில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. 1985 இல் வெளிவந்த அல்ட்டிமா 4 என்னும் கணினி விளையாட்டில் இச்சொல் இடம்பெற்றது. ஆனால் அங்கு அது ஆட்டக்காரர் அடைய வேண்டிய ஓர் அறநிலையின் பெயராக இருந்தது. திரையில் பயனருக்குப் பதிலாக நிற்கும் உருவம் என்ற பொருளில் இதனை வழங்கிய தொடக்ககால முயற்சி, லூக்காஸ்பிலிம் கேம்ஸ் 1986 இல் சோதனைக்கு விட்ட ஹாபிடாட் என்னும் பலர் கூடும் விளையாட்டு ஆகும். நீல் ஸ்டீவன்சன் 1992 இல் எழுதிய ஸ்னோ கிராஷ் என்னும் புதினம் இச்சொல்லை மேலும் பரவச் செய்தது. ஆங்கிலத்தில் பொருள் மாறிய இச்சொல், அப்புதிய பொருளோடு தமிழுக்குத் திரும்பி வந்துள்ளது எனலாம்.

உடலமைப்பு

தொடக்ககால ரோப்லாக்ஸ் அவதாரம் தலை, உடற்பகுதி, இரு கைகள், இரு கால்கள் என ஆறு துண்டுகளால் ஆனது. இவ்வமைப்பு ஆர்6 எனப்படும். முழங்கையும் முழங்காலும் இதில் மடங்குவதில்லை. நடக்கும்போது கால் முழுவதும் ஒரே கட்டையாக முன்னும் பின்னும் ஆடும். நிறுவனர் இருவரும் முன்னர் இயற்பியல் சோதனைகளைக் கணினியில் நிகழ்த்திப் பார்க்க உதவும் ஒரு கல்வி மென்பொருளில் பணியாற்றியவர்கள். கட்டைகள் ஒன்றோடொன்று மோதி விழும் உலகம் அவர்களுக்குப் பழகிய ஒன்று. ரோப்லாக்ஸின் அவதாரமும் அவ்வுலகின் கட்டைகளில் ஒன்றாகவே அமைந்தது.

2016 இல் அறிமுகமான ஆர்15 அமைப்பில் ஒவ்வொரு கையும் காலும் மும்மூன்று துண்டுகளாகவும், உடற்பகுதி மேல், கீழ் என இரண்டாகவும் பிரிக்கப்பட்டன. தலையையும் சேர்த்தால் பதினைந்து துண்டுகள் ஆகின்றன. மூட்டுகள் மடங்குவதால் அசைவுகள் இயல்பாயின. 2018 இல் மனித உடல் அளவுகளை ஒத்த ஆர்த்ரோ என்னும் நெடிய உருவங்கள் வந்தபோது, பழைய பயனர்கள் பலர் அவற்றை விரும்பவில்லை. கட்டை உருவமே தளத்தின் முகம் என்பது அவர்களது வாதமாக இருந்தது. அவ்வாதத்தில் பொருள் இல்லாமல் இல்லை. பின்வரும் சட்டை வரைதல் என்னும் கலை அக்கட்டை வடிவால்தான் சாத்தியமாயிற்று.

சட்டை வார்ப்புரு

பயனர் ஆக்கும் உடைகளில் மிக எளியது டி-சர்ட் ஆகும். இது அவதாரத்தின் மார்பில் ஒட்டப்படும் ஒரு சதுரப் படம் மட்டுமே. முழுச் சட்டையும் கால்சட்டையும் வரைவதற்கு 585 × 559 படப்புள்ளிகள் கொண்ட ஒரு வார்ப்புரு பயன்படுகிறது. அட்டைப்பெட்டி ஒன்றை ஓரங்களில் பிரித்துத் தரையில் விரித்தால் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே இவ்வார்ப்புருவில் உடல் விரிக்கப்பட்டுள்ளது. மார்பும் முதுகும் 128 × 128 அளவுடைய சதுரங்கள். உடற்பகுதியின் பக்கவாட்டுகள் 64 × 128, மேலும் கீழும் 128 × 64 அளவுடையவை. ஒவ்வொரு கைக்கும் 64 × 128 அளவில் நான்கு பக்கங்களும், 64 × 64 அளவில் தோளுக்கும் உள்ளங்கைக்கும் இரு சதுரங்களும் உள்ளன. கால்சட்டை வார்ப்புருவும் இதே அளவினது. கைகளின் இடத்தில் கால்கள் அமைகின்றன.

இதனை வரைவதற்கு முப்பரிமாண அறிவு தேவையில்லை. கணினியில் படம் வரையத் தெரிந்தால் போதும். ஆயினும் செய்து பார்த்தால் சில இடர்கள் தெரியவரும். கட்டம் போட்ட சட்டையை வரைபவர் மார்பின் வலது ஓரத்தில் முடியும் கோடு, பக்கவாட்டுச் சதுரத்தின் ஓரத்தில் அதே உயரத்தில் தொடங்குமாறு பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு படப்புள்ளி விலகினாலும் உடையின் விளிம்பில் முறிவு தென்படும். வார்ப்புருவில் தொலைவில் உள்ள இரு சதுரங்கள் உடலில் அடுத்தடுத்து வருவதால், புதியவர்கள் பெரும்பாலும் இங்கேயே தவறுகின்றனர். துணியின் மடிப்பு, பாக்கெட்டின் நிழல், காலரின் புடைப்பு ஆகியவை மெய்யாக இல்லாதவை. ஒளியும் நிழலும் படத்திலேயே தீட்டப்பட்டால்தான் தட்டையான கட்டை துணி போர்த்தியதாகத் தோன்றும். வண்ணம் தீட்டாமல் ஒளிபுகுமாறு விடப்பட்ட இடங்களில் அவதாரத்தின் தோல் நிறம் தெரியும் என்பதால், கழுத்தும் அரைக்கையும் அவ்வாறு விட்டே காட்டப்படுகின்றன. தோலை வரைந்துவிட்டால் அச்சட்டை ஒரே நிறமுடைய அவதாரங்களுக்கு மட்டுமே பொருந்தும்.

ஆர்15 வந்த பின்னரும் இதே படம் பதினைந்து துண்டுகளின் மேலும் பொருத்தப்படுமாறு செய்யப்பட்டது. ஆகவே பழைய சட்டைகள் வீணாகவில்லை.

முப்பரிமாண அணிகள்

தொப்பி, முடி, முதுகுப்பை முதலியவற்றை 2019 வரை நிறுவனம் மட்டுமே வெளியிட்டது. அவ்வாண்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சிறு குழுவினருக்கு அவற்றை ஆக்கி விற்க இசைவு தரப்பட்டது. பின்னர் இவ்வாய்ப்பு படிப்படியாக விரிவாக்கப்பட்டது. இவற்றை ஆக்க, பிளெண்டர் போன்ற முப்பரிமாண மென்பொருளில் பயிற்சி வேண்டும். பிளெண்டர் கட்டற்ற மென்பொருள் என்பதால் பணம் தடையாக இல்லை. பழக ஆகும் காலமே தடையாகும்.

ஓர் அணியின் மேற்பரப்பு 4,000 முக்கோணங்களுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. ஒரே காட்சியில் பல அவதாரங்கள், ஒவ்வொன்றும் பல அணிகளுடன், எளிய கைபேசியிலும் தடையின்றி இயங்க வேண்டும் என்பதே இதன் காரணம். ஒவ்வோர் அணியும் உடலின் குறித்த ஒரு புள்ளியில் பிணைக்கப்படுகிறது. தொப்பி தலையின் உச்சியிலும், இறக்கை முதுகிலும் பிணையும்.

2021 இல் படைப்பாளர்களின் சோதனைக்கு வந்த அடுக்கு உடை என்னும் முறை இதிலும் கடினமானது. மேலங்கி ஒன்று குட்டையான கட்டை உருவத்துக்கும் நெடிய மனித உருவத்துக்கும் பொருந்த வேண்டும். உள்ளே ஏற்கனவே அணிந்த சட்டைக்கு மேலாகவும் அமைய வேண்டும். இதற்காக ஒவ்வோர் உடையுடனும் கண்ணுக்குத் தெரியாத இரு கூடுகள் இணைக்கப்படுகின்றன. உள்கூடு உடை எந்தப் பரப்பின் மேல் அமர வேண்டும் என்பதைக் காட்டும். வெளிக்கூடு அதன்மேல் வரும் அடுத்த உடைக்குப் புதிய பரப்பாகும். இவ்விரண்டையும் கொண்டு உடையைக் கணினியே நீட்டியும் சுருக்கியும் பொருத்துகிறது. கூடு சரியாக அமையாவிடில் உள்ளிருக்கும் துணி வெளியே குத்திக்கொண்டு நிற்கும்.

பணமும் படைப்பாளரும்

தளத்தின் நாணயம் ரோபக்ஸ் எனப்படும். இதனைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும். நாள்தோறும் தளத்துக்கு வருவோருக்கு இலவசமாகக் கிடைத்த டிக்கெட் என்னும் இரண்டாம் நாணயமும் முன்பு இருந்தது. 2016 ஏப்ரலில் அது நீக்கப்பட்டதால், பணமில்லாத சிறுவர்கள் சிறுகச் சேர்த்து உடை வாங்கிய வழி அடைபட்டது. இத்தளத்தின் வரலாற்றில் அவதாரத்தின் தோற்றத்தைப் பணத்தோடு இறுக்கிக் கட்டிய மாற்றம் இதுவே எனலாம்.

தட்டைப் படமாக வரையப்படும் சட்டையை விற்பவருக்கு விலையில் 70 விழுக்காடு சேர்ந்தது. முப்பரிமாண அணிகளைத் தளத்தின் சந்தையில் விற்பவருக்கோ 30 விழுக்காடே வழங்கப்பட்டது. ஈட்டிய ரோபக்ஸை மெய்ப்பணமாக மாற்றும் திட்டம் 2013 இல் தொடங்கியது. இதில் சேரக் குறைந்தது 13 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறிப்பிட்ட ஓர் அளவுக்கு மேல் ஈட்டியிருக்கவும் வேண்டும். 2017 முதல் 2025 வரை ஒரு ரோபக்ஸுக்கு 0.0035 அமெரிக்க டாலர் வீதம் வழங்கப்பட்டது. அக்காலத்தில் சிறு தொகுப்பாக 400 ரோபக்ஸ் வாங்குபவர் ஏறத்தாழ 5 டாலர் செலுத்தினார். அதே அளவு ஈட்டியவருக்கு மாற்று வீதப்படி கிடைக்கக்கூடியது 1.40 டாலர். கைபேசிச் செயலிக் கடைகளின் கட்டணம், வழங்கிகளின் செலவு ஆகியவற்றை நிறுவனம் காரணமாகக் காட்டியது. படைப்பாளர்களில் பலர் சிறார் என்பதால் இவ்வேற்றுமை கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. 2025 இல் வீதம் 0.0038 டாலராக உயர்த்தப்பட்டது.

தோற்றமும் ஏளனமும்

தொடக்ககாலத்தில் புதிய பயனருக்குத் தரப்பட்ட உருவம் மஞ்சள் தலையும் கைகளும், நீல உடலும், பச்சைக் கால்களும் உடையது. அது கற்றுக்குட்டியின் அடையாளமாயிற்று. பின்னாளில் இலவசமாகக் கிடைத்த செம்பழுப்பு நிறத் தலைமுடிக்கு, பன்றியிறைச்சித் துண்டங்களை ஒத்திருந்தமையால், பேக்கன் என்று பட்டப்பெயர் ஏற்பட்டது. அதனை அணிந்தவர்கள் பணமில்லாதவர்கள் என ஏளனம் செய்யப்பட்டனர். தேர்ந்த ஆட்டக்காரர் சிலர் இதற்கு எதிராக அத்தோற்றத்தையே விரும்பி அணிந்து போட்டிகளில் வெல்வதும் உண்டு.

படியெடுத்தல்

சட்டையின் படம், அதனைப் பார்க்கும் ஒவ்வொருவரின் கணினிக்கும் அனுப்பப்பட்டாக வேண்டும். எனவே அதனை எடுத்து வேறு பெயரில் பதிவேற்றுவது எளிது. விற்பனையில் முன்னிற்கும் ஒரு சட்டைக்குப் பல போலிகள் தோன்றுவது வழக்கமாயிற்று. இதற்கென எழுதப்பட்ட நிரல்கள் மனிதர் துணையின்றியே பெருமளவில் படியெடுத்தன. படமொன்றைப் பதிவேற்ற 10 ரோபக்ஸ் கட்டணம் விதிக்கப்பட்டது இதற்கு ஓரளவு தடையானது. ஆனால் முதற்சட்டையை வரைந்து பார்க்க விரும்பும் சிறுவரும் அதே கட்டணத்தைச் செலுத்த வேண்டியதாயிற்று. பதிப்புரிமை மீறல் குறித்து நிறுவனத்திடம் முறையிட்டு ஒரு போலியை நீக்கச் செய்யலாம். நீக்கப்பட்ட படம் மற்றொரு கணக்கிலிருந்து மீண்டும் வந்தால், வரைந்தவர் மறுபடியும் முறையிட வேண்டும்.