அடித்துத் திருத்தப்பட்ட சான்றிதழ்

சென்னை மாகாணத்தில் பெண்களுக்கு முதலில் திறந்த அறிவியல் வாயில் மருத்துவமே ஆகும். மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் 1875ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்க இசைந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். எனினும் இதைச் சமத்துவத்தின் தொடக்கம் என்று கொள்வதற்கில்லை. ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாமல் பேறுகாலத்தில் மடிந்த பெண்களுக்குப் பெண் மருத்துவர்கள் தேவைப்பட்டனர்; அந்தத் தேவையே அனுமதியைப் பெற்றுத் தந்தது. அறிய வேண்டும் என்ற வேட்கையைத் தவிர வேறு காரணம் காட்ட முடியாத இயற்பியல், பொறியியல் போன்ற துறைகளில் வாயில் திறக்க மேலும் பல பத்தாண்டுகள் ஆயின.

1914இல் இராணி மேரி கல்லூரியும், அடுத்த ஆண்டே மகளிர் கிறித்தவக் கல்லூரியும் தோன்றியபின், பெண்கள் அறிவியல் பட்டம் பெறுவதற்கு நகரிலேயே வழி பிறந்தது. தலச்சேரியில் பிறந்த ஜானகி அம்மாள், இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்று, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்று, கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் உயிரணுவியல், அதாவது உயிரணுக்களின் அமைப்பையும் அவற்றிலுள்ள குரோமோசோம்களையும் ஆராயும் துறை, சார்ந்த ஆய்வுகளை மேற்கொண்டார்.

பொறியியலில் நிலைமை இன்னும் கடினமாக இருந்தது. 1794இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டி பொறியியல் கல்லூரி, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் ஆண்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையுடன் பிறந்தகம் திரும்பிய அ. லலிதா 1940இல் அங்கே மின்பொறியியல் பயிலச் சேர்ந்தார். அவருடைய தந்தை அக்கல்லூரியிலேயே பேராசிரியராக இருந்து மகளுக்காக முதல்வர் கே.சி. சாக்கோவிடம் முறையிட்டதும், முதல்வர் அதை ஏற்றதும் இந்தச் சேர்க்கையைச் சாத்தியமாக்கின. விதவைப் பெண் வீட்டின் பின்கட்டில் ஒடுங்கியிருக்க வேண்டும் என்று விதித்திருந்த சமூகத்தில் ஒரு தந்தை எடுத்த இம்முடிவின் துணிச்சலைக் குறைத்து மதிப்பிடலாகாது. பின்னர் பி.கே. திரேசியா, லீலம்மா ஜார்ஜ் ஆகிய இருவரும் கட்டுமானப் பொறியியலில் சேர்ந்தனர். மூவரும் படிப்பை முடித்தபோது பட்டச் சான்றிதழில் ஒரு சிக்கல் எழுந்தது. தமிழில் ‘அவர்’ என்ற சொல் இருபாலருக்கும் பொருந்தும். ஆங்கிலத்தில் அச்சான அச்சான்றிதழிலோ ஆணைக் குறிக்கும் சொல் மட்டுமே இருந்ததால், அதை மையால் அடித்துப் பெண்ணைக் குறிக்கும் சொல்லை எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று. பெண் ஒருத்தி அப்பட்டத்தைப் பெறக்கூடும் என்பதே அச்சிட்டவர்களின் எண்ணத்தில் இருக்கவில்லை என்பதற்கு அந்த அடித்தலைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. லலிதா பிற்காலத்தில் பக்ரா நங்கல் அணை மின்திட்டப் பணிகளில் பங்கேற்றார். திரேசியா 1971இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளரானார்.

ஆய்வகத்திற்குள் நுழைந்த பின்னரும் தடைகள் தீரவில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1933இல் விண்ணப்பித்த கமலா பாகவத்தை, பெண் என்பதாலேயே சி.வி. இராமன் முதலில் மறுத்துப் பின்னர் நிபந்தனைகளுடன் ஏற்றார். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற அன்னா மணி, 1940இல் அதே கழகத்தில் இராமனின் ஆய்வகத்தில் சேர்ந்து வைரங்களின் நிறமாலையை, அதாவது அவை வெளியிடும் ஒளி வெவ்வேறு நிறங்களாகப் பிரிந்து தோன்றும் பாங்கை, ஆராய்ந்தார். திரவக் காற்றின் கடுங்குளிரில் வைக்கப்பட்ட வைரத்தின் மங்கிய ஒளி ஒளிப்படத் தகட்டில் பதிய 15 முதல் 20 மணி நேரம் வேண்டியிருந்தமையால், பல இரவுகள் ஆய்வகத்திலேயே கழிந்தன. தனியொருவராக ஐந்து ஆய்வுக் கட்டுரைகளை வெளியிட்ட அவர் 1945இல் அளித்த ஆய்வேட்டை, முதுநிலைப் பட்டம் இல்லை என்று காரணம் கூறிச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்கவில்லை. அவர் முனைவர் பட்டம் பெறாமலேயே இந்திய வானிலை ஆய்வுத் துறையில் சேர்ந்து, ஏறத்தாழ நூறு வகை வானிலைக் கருவிகளுக்குத் தரப்படுத்தப்பட்ட வரைபடங்களை உருவாக்கி, அவை நாட்டிலேயே செய்யப்பட வழிவகுத்து, துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வுபெற்றார். ஒரு விதியின் பெயரால் இழைக்கப்பட்ட அந்த அநீதி அவருடைய வாழ்நாளில் திருத்தப்படவே இல்லை.

அண்மைக் கால முன்னேற்றத்தை இந்தப் பின்னணியில் வைத்தே அளக்க வேண்டும். சந்திரயான்-2 திட்டத்தின் இயக்குநரான முத்தையா வனிதா கிண்டி கல்லூரியில் பயின்றவர். சூரியனை ஆராய 2023 செப்டம்பரில் ஏவப்பட்ட ஆதித்யா-எல்1 திட்டத்தை இயக்கிய நிகர் ஷாஜி செங்கோட்டையைச் சேர்ந்தவர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய ககன்தீப் காங், லண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியப் பெண் அறிவியலாளர் என்ற சிறப்பை 2019இல் அடைந்தார். அம்பாசமுத்திரத்தில் பிறந்து தமிழ்வழியில் பள்ளிக்கல்வி கற்ற ந. கலைச்செல்வி, காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக இருந்து, 2022 ஆகஸ்டில் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநரானார். 1942இல் நிறுவப்பட்ட அம்மன்றத்திற்கு ஒரு பெண் தலைமை ஏற்க எண்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

இவ்வெற்றிகள் உண்மையானவை, ஆயினும் அவை பரவலானவை அல்ல. அனைத்திந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22இல் அறிவியல் பயின்ற 57.2 இலட்சம் மாணவர்களில் 29.8 இலட்சம் பேர் பெண்கள், அதாவது பாதிக்கும் மேல். ஆய்வுப் பணியில் இருப்போரிலோ 2018 நிலவரப்படி பெண்களின் பங்கு ஆறில் ஒன்று என்ற அளவிலேயே நின்றது. பட்டத்திற்கும் பணியிடத்திற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் திருமணம், மகப்பேறு, குழந்தை வளர்ப்பு ஆகியவற்றின் சுமை பெண்ணின் மீதே விழுவதும், அதே ஆண்டுகளில்தான் வேலைக்கான வயது வரம்பு முடிவதும் இந்த இழப்பின் முதன்மைக் காரணங்கள். பணியில் இடைவெளி விட்ட பெண் அறிவியலாளர்களுக்காக இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை 2002-03இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் இக்குறையை நேராகக் கண்டுகொண்ட நல்ல முயற்சி; ஆனால் சில ஆண்டுகளில் முடிந்துவிடும் உதவித்தொகை நிலையான வேலைக்கு ஈடாகாது. இடைவெளிக்குப்பின் ஆய்வகம் திரும்பும் பெண்ணுக்கு நிரந்தரப் பணியிடமும், வயது வரம்பில் தளர்வும், ஆய்வகத்தை ஒட்டியே குழந்தைகள் காப்பகமும் சட்டப்படி உறுதிசெய்யப்பட வேண்டும்.