வெற்றிடக் குழாய் எளிமையாக்கம் (மாஸ்டா ஆர்எக்ஸ்-7)

டர்போ பொருத்திய கார் எஞ்சினில் காற்றழுத்தத்தையும் வெற்றிடத்தையும் கொண்டுசெல்லும் சிறு ரப்பர் குழாய்கள், அவற்றைத் திறந்து மூடும் சொலினாய்டு வால்வுகள், புகைக் கட்டுப்பாட்டு உறுப்புகள் ஆகியவற்றில் தேவையற்றவற்றை நீக்கி மற்றவற்றைப் புதுப்பிக்கும் வேலை. பழைய ஜப்பானிய டர்போ வண்டிகள் பலவற்றில் இது நடப்பதுண்டு. அதிகம் பேசப்படுவது 1991 முதல் 2002 வரை தயாரான மூன்றாம் தலைமுறை மாஸ்டா ஆர்எக்ஸ்-7 (எஃப்டி3எஸ்) காரில்தான்.

இந்தக் காரின் 13பி-ஆர்இடபிள்யூ எஞ்சினில் பிஸ்டன் கிடையாது. தலா 654 சிசி கொண்ட இரண்டு முக்கோணச் சுழலிகள் உண்டு. ஹிட்டாச்சி செய்த இரண்டு டர்போக்கள் அடுத்தடுத்து வேலைக்கு வருகின்றன. நிமிடத்துக்கு ஏறத்தாழ 4,500 சுற்று வரை முதல் டர்போ மட்டும் காற்றை அழுத்தும். அதற்கு மேல் இரண்டாவதும் சேர்ந்துகொள்ளும். இந்தக் கைமாற்றம் உலுக்கல் இல்லாமல் நடக்க, புகைக்காற்றின் ஒரு பகுதியை முன்கூட்டியே விட்டு இரண்டாம் டர்போவைச் சுழலவைக்க வேண்டும். அது அழுத்திய காற்றை, நேரம் வரும்வரை, வெளியேற்ற வேண்டும். பிறகு அந்த வழியை மூடி, எஞ்சினுக்குப் போகும் பாதையைத் திறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆக்சுவேட்டர், ஒன்றோ இரண்டோ சொலினாய்டு, செக் வால்வு, அழுத்தத்தையும் வெற்றிடத்தையும் சேமிக்கும் சிறு கலன்கள் என்று அமைப்பு வளர்ந்துகொண்டே போகிறது. இதன் மேல் புகைக் கட்டுப்பாட்டுக் குழாய்களும் சேர்ந்து, எல்லாம் மேல் இன்டேக் மேனிஃபோல்டின் அடியில் ஒரே இடத்தில் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. இடியாப்பச் சிக்கல் என்பது இங்கே வெறும் உவமையல்ல.

வடிவமைப்பில் குறை சொல்வது எளிது. ஆனால் குறைந்த சுற்றிலேயே டர்போவின் இழுவை கிடைத்தது இந்த அமைப்பால்தான். உண்மையான எதிரி வெப்பம். சுழலி எஞ்சினின் புகைக்காற்று சாதாரண பிஸ்டன் எஞ்சினைவிடச் சூடானது. டர்போக்களும் பக்கத்திலேயே இருக்கின்றன. சில ஆண்டுகளில் ரப்பர் விறைத்து முனைகளில் வெடிக்கிறது, அல்லது குழாய் நழுவுகிறது. அறிகுறிகள் குழப்புவன: இரண்டாம் டர்போ வரவே வராது, அல்லது கைமாறும்போது அழுத்தம் சட்டென விழும், அல்லது வேண்டிய அளவைத் தாண்டி ஏறும். பழுது எந்தக் குழாயில் என்று பார்க்க மேனிஃபோல்டையே கழற்ற வேண்டும்.

செய்யும் வேலை மூன்று அளவில் நிற்கும். முதலாவது, எதையும் நீக்காமல் எல்லாக் குழாய்களையும் சிலிகோன் குழாயாக மாற்றி, ஒவ்வொரு சொலினாய்டையும் செக் வால்வையும் கைப் பம்பால் சோதிப்பது. இரண்டாவது, டர்போக் கட்டுப்பாட்டை அப்படியே விட்டுப் புகைக் கட்டுப்பாட்டை மட்டும் எடுப்பது. மூன்றாவது, இரண்டு டர்போக்களையும் எப்போதும் சேர்ந்தே ஓடவிடுவது, அல்லது ஒரே பெரிய டர்போவுக்கு மாறுவது. அப்போது பெரும்பாலான குழாய்கள் போய்விடும். கூடவே கீழ்ச் சுற்றில் கிடைத்த இழுவையும் போய்விடும். தினமும் ஓட்டும் வண்டிக்கு முதல் வழியே போதும். மற்ற இரண்டும் பந்தயத் தளத்துக்கு உரியவை.

குழாயை மாற்றும்போது அடிக்கடி தொலைவது ஒரு சிறு பித்தளைத் துண்டு. நடுவில் நுண்துளை உள்ள அது, மிகுதிப் புகைக்காற்றை டர்போவைச் சுற்றி விடும் வேஸ்ட்கேட் வால்வின் ஆக்சுவேட்டருக்குப் போகும் குழாயினுள் ஒளிந்திருக்கும். இரண்டாம் டர்போவை முன்கூட்டியே சுழலவைக்கும் முன்கட்டுப்பாட்டுக் குழாயிலும் ஒன்று உண்டு. பழைய குழாயோடு சேர்த்து அதைத் தூக்கியெறிந்தால் சொலினாய்டால் அழுத்தத்தைக் கசியவிட்டுச் சமாளிக்க முடியாது. டர்போ அழுத்தம் குறைந்தே நிற்கும். துளையின் அளவுதான் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது.

நீக்கவே கூடாதவையும் உண்டு: பிரேக் பூஸ்டர் குழாய், எரிபொருள் அழுத்தச் சீராக்கியின் குழாய், மேனிஃபோல்டு அழுத்த உணரியின் குழாய். கடைசியாகச் சொன்னது உயிர்நாடி. இந்த எஞ்சினின் கணினி, உள்ளே போகும் காற்றை நேராக அளப்பதில்லை. அழுத்தத்தைப் பார்த்தே கணக்கிடுகிறது. முழு அழுத்தத்தில் ஓடும்போது அந்தக் குழாய் கழன்றால், கணினி குறைந்த அழுத்தம் என்று எண்ணிப் பெட்ரோலைக் குறைக்கும். பெட்ரோல் குறைந்த கலவை வெடித்து எரியும். அந்த வெடிப்பில் சுழலியின் முனையை அடைக்கும் சீல் உடைந்தால் எஞ்சினை முழுவதும் பிரிக்க வேண்டியதுதான். ஆகவே இங்கே கிளிப் போட்டு இறுக்குவது மிகையான கவனமல்ல.

புகைக் கட்டுப்பாட்டுப் பகுதியில் முக்கியமானது காற்றுப் பம்ப். சுழலி எஞ்சினின் எரியறை நீண்டு தட்டையாக இருப்பதால் எரியாத ஹைட்ரோகார்பன் அதிகம் வெளியேறும். பம்ப் புதுக் காற்றைப் புகைப்பாதைக்குள் செலுத்தி அதை எரிக்க உதவுகிறது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை வைத்துக்கொண்டு பம்பை மட்டும் எடுப்பது பொருளற்றது. கன்வெர்ட்டர் சரியாக வேலை செய்யாது. குளிர்ந்த எஞ்சினில் இரண்டாம் திராட்டில் தட்டுகளை மூடிவைக்கும் அமைப்பும், சூடான எஞ்சினை மீண்டும் கிளப்பும்போது எரிபொருள் அழுத்தத்தை உயர்த்தும் சொலினாய்டும் வழக்கமாக நீக்கப்படுபவை. முன்னதை எடுத்தால் தட்டுகளைத் திறந்த நிலையில் நிறுத்த வேண்டும். பின்னதை எடுத்தால் சூட்டில் ஸ்டார்ட் ஆவது சற்றுத் தாமதமாகலாம். கழற்றிய சொலினாய்டுகளின் இணைப்பில் மின்தடை வைக்காவிட்டால் கணினி பழுதுக் குறியீடு காட்டும். திறந்த வாய்களைத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து அடைக்க வேண்டும்.

இவற்றை எடுத்தால் சக்தி கூடும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் தவறு. கிடைப்பது கொஞ்சம் எடைக் குறைவும், பழுதாகும் இடங்கள் குறைவதும்தான். கன்வெர்ட்டரையும் சேர்த்துக் கழற்றினால் புகைப்பாதையின் தடை குறைந்து சக்தி ஏறும். ஆனால் தொழிற்சாலை வேஸ்ட்கேட் சிறியது. அழுத்தம் தானாகவே மேலேறும். அதைக் கட்டுப்படுத்த வேஸ்ட்கேட் துளையைப் பெரிதாக்க வேண்டியிருக்கும்.

சட்டம் தனிக் கதை. அமெரிக்காவின் தூய காற்றுச் சட்டம், 1990-இல் செய்த திருத்தத்துக்குப் பிறகு, சாலையில் ஓடும் வண்டியின் புகைக் கட்டுப்பாட்டு உறுப்பை யார் செயலிழக்கச் செய்தாலும் குற்றமாகக் கொள்கிறது. வண்டியின் உரிமையாளரும் விலக்கல்ல. கலிபோர்னியாவில் 1976 மாடல் முதலான பெட்ரோல் கார்கள் புகைச் சோதனைக்குப் போக வேண்டும். அங்கே புகையை அளப்பதோடு, உறுப்புகளும் குழாய்களும் இடத்தில் இருக்கின்றனவா என்று கண்ணாலும் பார்ப்பார்கள். அமெரிக்காவில் 1993 முதல் 1995 வரையிலான மாடல்களாக விற்கப்பட்ட மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 கார்கள் அனைத்தும் இதற்குள் அடங்கும்.