பரீட்சையைத் தூக்கிப் போட்ட மருத்துவக் கல்லூரி: ஒரு குட்டி வரலாறு

1/ மருத்துவப் படிப்புன்னாலே பரீட்சைதான் ஞாபகம் வரும். ஆனா 1969ல கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் வழக்கமான பரீட்சைகளே இல்லாம ஒரு மருத்துவப் படிப்பைத் தொடங்கியது. முதல் பேட்ச்ல 20 பேர்.

2/ ஒரு சின்னக் குழு, ஒரு ட்யூட்டர், ஒரு நோயாளியோட பிரச்சினை. நெஞ்சுவலின்னு ஒருத்தர் வர்றார்னா, அதுக்குத் தேவையான உடற்கூறு, மருந்தியல் எல்லாத்தையும் மாணவர்களே தேடிப் படிக்கணும். இதுதான் பிராப்ளம் பேஸ்டு லேர்னிங்.

3/ மார்க், ரேங்க் கிடையாது. கூட உட்கார்ந்து பார்க்கிற ட்யூட்டர்தான் மதிப்பிடுவார். காரணமும் சரிதான்: மனப்பாடப் பரீட்சை வெச்சா, மாணவர் நோயாளியை விட்டுட்டு பழைய கேள்வித்தாளைத்தான் புரட்டுவார்.

4/ சிக்கல் எங்கே? நல்லாப் பேசுறவர் நல்லாப் படிச்சவராத் தெரிவார். படிச்சுட்டு வந்தும் வாய் திறக்காத கூச்ச சுபாவி பின்தங்கினவராத் தெரிவார். வாராவாரம் பழகுற பிள்ளையை ஃபெயில்னு எழுத ட்யூட்டருக்கும் மனசு வராது.

5/ விளைவு? 1980களின் கடைசியில், லைசென்ஸ் தேர்வில் மெக்மாஸ்டர் மாணவர்கள் தேசிய சராசரியைவிட அதிகமாத் தோத்தாங்க. படிக்கிற காலம் முழுக்க 'நல்லாத்தான் போகுது'ன்னு கேட்டவருக்குக் கடைசியில்தான் உண்மை தெரியுது. இது அநீதி இல்லையா?

6/ விடை நெதர்லாந்தில் இருந்தது. 1974ல தொடங்கிய மாஸ்ட்ரிக்ட் மருத்துவக் கல்லூரியும் இதே முறைதான். அங்கே 'ப்ராக்ரஸ் டெஸ்ட்' வெச்சாங்க. முதல் வருஷமோ கடைசி வருஷமோ, எல்லாருக்கும் ஒரே தாள், வருஷத்துக்கு 4 முறை. படிச்சு முடிச்ச டாக்டருக்குத் தெரிஞ்சிருக்க வேண்டிய எல்லாத்திலிருந்தும் கேள்வி வரும்.

7/ முந்தின நாள் உருப்போட்டுப் பயனில்லை. முதல் வருஷத்தில் கொஞ்சமே தெரிஞ்சாலும் குத்தமில்லை. மார்க் தேர்வுக்குத் தேர்வு ஏறுதா என்பதுதான் விஷயம். ஏறலைன்னா, காலம் இருக்கும்போதே கைகொடுக்கலாம். 1990களின் தொடக்கத்தில் மெக்மாஸ்டரும் இதே மாதிரித் தேர்வைக் கொண்டுவந்தது.

8/ செய்முறைக்கு? 1975ல ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் குழு 'ஆஸ்கி' தேர்வை அறிமுகப்படுத்தியது. பல ஸ்டேஷன், ஒவ்வொன்றிலும் ஒரு வேலை, வேற வேற தேர்வாளர்கள். ஒரு தேர்வாளரோட மூட் ஒரு மாணவரோட தலையெழுத்தை மாத்தாது.

9/ ட்யூட்டரோட பார்வையும் தேவைதான். குழுவில் ஒருத்தர் எப்படி நடந்துக்கிறார்னு அவருக்குத்தான் தெரியும். ஆனா அதை வெச்சே மருத்துவ அறிவை அளக்க முடியாது. பல கண், பல தடவை, பல விதம்: மாணவருக்கு நியாயம் அதுதான். நாளைக்கு அவர்கிட்ட வரப்போற நோயாளிக்கும் அதுதான் பாதுகாப்பு.