வன்னிக் குளங்களும் உழவர் வாழ்வும்

வன்னிநாட்டிற் புகுவோர்க்கு முதற்கண் புலனாவது காடு. அதனூடே ஆங்காங்கு ஒரு குளம், குளத்தின்கீழ் வயல்வெளி, கட்டின்மீது ஐயனார்க்கோ பிள்ளையார்க்கோ ஒரு சிறு கோயில், அருகே சில வீடுகள்: இவையே வன்னிக் கிராமம். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லாத இந்நாட்டில், மாரிமழையைத் தேக்கியே நெல் விளைவித்தல் வேண்டும். ஊர்ப்பெயர் பலவும் குளப்பெயராய் முடிதற்குக் காரணம் இதுவே.

புரட்டாதி ஐப்பசியில் விதைத்த காலபோக நெல் தை மாசியில் அரிவுக்கு வரும். தைப்பூசத்திலே புதிர் உண்பர். பின்னர் குளத்தில் எஞ்சிய நீரை அளந்து, சிறுபோகத்துக்கு எவ்வளவு நிலம் விதைப்பதென ஊரார் கூடித் தீர்மானிப்பர். தத்தம் காணியின் அளவுக்கேற்ப ஒவ்வொருவரும் கட்டின் ஒரு பங்கைத் திருத்துதலும் வாய்க்காலைத் துப்புரவு செய்தலும் கடன். மேட்டுநிலத்திலே காடு வெட்டி எரித்துக் குரக்கன், சாமை, எள்ளு விதைக்கும் சேனைச்செய்கையும் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் ஊரைக் காத்தது அதுவே. மண்ணாலான குளக்கட்டு மாந்தர் கைபடாது சில மாரிகளுக்குமேல் நில்லாது. ஆகவே ஊர் பெயர்ந்தால் குளமும் அழியும். குளம் அழிந்தபின் ஊர் மீளுதல் அரிது.

பண்டாரவன்னியன் 1803இல் முல்லைத்தீவுக் கோட்டையைக் கைப்பற்றிப் பின்னர் கற்சிலைமடுவில் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்றதை யாவரும் அறிவர். அவன் வீரத்தைப் பாடும் நாம் அவன் நாட்டுக் குளங்களை எண்ணிப்பார்ப்பதில்லை. எனினும் பழி முழுவதையும் போர்மீது சுமத்தலும் பொருந்தாது. 1832இல் இராசகாரியம் ஒழிக்கப்பட்டபோது, கட்டுத் திருத்தும் கட்டாய வேலையும் அதனுடன் நெகிழ்ந்தது. 1895இல் லூயிஸ் வெளியிட்ட வன்னி பற்றிய கைந்நூலிலே காணப்படுவது காய்ச்சலும் தூர்ந்த குளங்களும் மலிந்த நாடே.

இருபதாம் நூற்றாண்டு இந்நிலையை மாற்றியது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடு எழுந்தது. யாழ்ப்பாணத்துக் காணியற்றோர் கிளிநொச்சியிற் குடியேறினர். 1970களின் முற்பகுதியில் இறக்குமதி தடைப்பட்டபோது, விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களின் மிளகாயும் வெங்காயமும் பெருவிலை பெற்றன. வன்னி உழவன் கல்வீடு கட்டிய காலம் அது.

அவ்வளர்ச்சி நீடிக்கவில்லை. 1984 டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி மக்கள் வயல்களை விட்டு வெளியேற்றப்பட்டனர். 2008இல் மன்னார்ப் பக்கத்து நெல்வயல்களிலிருந்து கிழக்கு நோக்கிய பெயர்வு தொடங்கியது. விதைப்புக் காலம் வழியிலே கழிந்தது. அரிவுக்குரிய தை மாதத்திலே, 2009 ஜனவரியில், எறிகணைகள் வீழ்ந்தன. கல்மடுக்குளத்தின் கட்டு தகர்க்கப்பட்டு வெள்ளம் பரந்தது. விதைநெல்லை மூடையோடு கைவிட்டனர்; மாடுகளை அவிழ்த்துவிட்டனர்.

இந்நிலை வன்னிக்கு மட்டும் உரியதன்று. லாவோஸ் நாட்டு மலைகளில் காடெரித்து நெல்லும் சோளமும் விதைத்த மொங் மக்களின் ஆடவர் 1960களில் அமெரிக்கர் நடத்திய மறைமுகப் போருக்குச் சென்றனர். ஊர்கள் மலைக்கு மலை பெயர்ந்தன. அறுவடையின்றி, விமானங்கள் வானினின்று வீசிய அரிசியை உண்டு பலர் வாழ்ந்தனர். 1975இன் பின் மீகொங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களிற் புகுந்தனர். வன்னியிலும் 2009இல் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் செட்டிகுளம் மெனிக் பாம் முதலிய முகாம்களில் அடைக்கப்பட்டனர். நெல் விற்று வாழ்ந்தவன் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றான். பசியினும் அதுவே அவனை வருத்தியிருத்தல் வேண்டும்.

மெனிக் பாம் 2012இல் மூடப்பட்டது. மீண்டோர் கண்ட வயல்கள் பலவற்றிலே பற்றையும் இளமரமும் அடர்ந்திருந்தன. சிலவற்றிற் கண்ணிவெடி அகற்றும்வரை கால்வைத்தல் இயலாதாயிற்று. கட்டாக்காலியாய்த் திரிந்த மாடுகளில் தம்முடையவை எவையெனத் தேடினர். குளங்கள் பல திருத்தப்பட்டன. ஆயினும் ஆளின்றிக் கிடந்த காலத்திற் காடேறிய காணிகளுட் சில வனவளத் திணைக்களத்தின் எல்லைக்குள் அடங்கிவிட்டன. உறுதியும் பெர்மிற்றும் போரிலே தொலைத்தவர்க்கு, அங்கே முன்னர் வயல் இருந்தது என்று காட்டுதற்குத் தூர்ந்த கிணறும் பழைய வரம்பும் குளக்கட்டுமே எஞ்சியுள்ளன.